அரைக் கட்டை ஏறிய பாட்டுகள்: ஒரு வீட்டின் 22 கேசட்டுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. 2023இல் ஒரு குடும்பத்தின் 22 கேசட்டுகள் என்னிடம் வந்தன. தொழில்முறைப்படி சரியான ஒன்றைத்தான் அவற்றில் செய்தேன், ஆனால் அந்த வீட்டைப் பொறுத்தவரை அது தவறாகப் போனது. எப்படி அப்படி ஆயிற்று, பிறகு என்ன செய்தோம் என்பதை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அம்மா, மகள் இருவரும் படித்துப் பார்த்து, பெயரும் ஊரும் இல்லாமல் வெளியிடலாம் என்று சொன்ன பிறகே இது வெளியே வருகிறது. கீழே 'அப்பா', 'அம்மா' என்று நான் எழுதுவது மகளின் பெற்றோரை.

பின்னணி

1986இல் ஒரு நிகழ்ச்சிக்காகச் சேர்ந்த இசைக்குழுவில் அப்பாவும் அம்மாவும் ஆறு வாரம் ஒத்திகை பார்த்தார்கள். அப்பா தாளம் வாசிப்பவர், அம்மா பாடுபவர். அந்த ஆறு வாரத்தில் நேருக்கு நேர் பேசியது பத்து வாக்கியம் இருந்தால் அதிகம் என்கிறார் அம்மா. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்துத் தபாலில் ஒரு கேசட் வந்தது. கூடவே கடிதம் ஏதும் இல்லை. அட்டையில் பொடி எழுத்தில் பாட்டுகளின் பட்டியல், கேசட்டின் கடைசியில் இரண்டு நிமிடம் அவருடைய பேச்சு, அவ்வளவுதான். ஒரு பாட்டைக் குறிப்பிட்டு, இடையிசை முடிந்து பாடகி மறுபடி நுழையும் இடத்தைக் கவனிக்கச் சொல்கிறார், ஒத்திகையில் நீங்கள் மூச்சு விட்ட அதே இடத்தில்தான் அவரும் விடுகிறார் என்கிறார்.

ஒருவர் தான் மூச்சு விட்ட இடத்தைக் கவனித்து வைத்திருந்தார் என்று தெரிந்தால் ஒரு பாடகிக்கு எப்படி இருக்கும்! அம்மா அன்றைக்கே பதில் போட்டார். அதிலிருந்து ஒரு வழக்கம் உண்டானது. கேசட்டின் முதல் பக்கத்தில் அவர் தேர்ந்தெடுத்த பாட்டுகள், மறுபக்கத்தில் அம்மா விரும்பிக் கேட்டவை, முடிவில் கொஞ்சம் பேச்சு. 1988 வரை அவரிடமிருந்து 18 கேசட்டுகள் வந்தன, அம்மா பாடியும் பேசியும் அனுப்பியவை நான்கு. அந்த ஆண்டின் கடைசியில் கல்யாணம். 1991இல் மகள் பிறந்தாள். 2022 தொடக்கத்தில் அப்பா காலமானார்.

வந்தபோது இருந்த நிலை

மகள்தான் கேசட்டுகளைக் கொண்டுவந்தார். "அம்மாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன் அண்ணா. எல்லாம் முடிஞ்சதும் கையில குடுக்கணும்" என்றார். அப்பா போனதிலிருந்து அம்மா அந்தப் பெட்டியைத் திறக்கவில்லையாம். வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டரின் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததால், திறந்திருந்தாலும் கேட்டிருக்க முடியாது. அம்மாவிடம் சொல்லாமல் செய்யலாமா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

37 ஆண்டுப் பழைய நாடாக்களுக்கு நிலைமை மோசமில்லை. பல கேசட்டுகளில், நாடாவை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் திண்டு உதிர்ந்துபோயிருந்தது. அந்த நாடாக்களை வேறு கூடுகளுக்கு மாற்றினேன். இரண்டில் நாடா முனை அறுந்திருந்தது, ஒட்டினேன். மூன்றில் காந்தப் பூச்சு உதிரத் தொடங்கியிருந்தது. அவற்றை ஒரே ஒருமுறைதான் ஓட்டுவது என்று அன்றே முடிவுசெய்துகொண்டேன். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைத் திருகி, அடைத்த மூக்கால் பாடுவது போல இருந்த குரல் திறக்கும்வரை சரிசெய்து, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவெடுத்தேன். ஒலி ஆவணக் காப்பகங்கள் பின்பற்றும் அளவு இது. கேசட்டைப் பதிவெடுக்கக் குறுக்குவழி கிடையாது, 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடம் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

கவனித்தவை

மூன்றாவது கேசட்டிலேயே பிடிபட்டது, எல்லாப் பாட்டும் கொஞ்சம் மேலே நின்றது. நான் அறிந்த பாட்டுகள்தான், ஆனால் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறி, நடையும் துரிதமாக இருந்தது.

கேசட் என்பது 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த வடிவம். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது கணக்கு. பதிவுசெய்யும் மெஷின் சோம்பலாக ஓடினால் ஒரு நொடி ஒலி அதைவிடக் குறைந்த நீளத்தில் பதிந்துவிடும். பிறகு சரியாக ஓடும் மெஷினில் போட்டால் அந்த நீளம் சீக்கிரம் கடந்துவிடும், பாட்டு வேகமாகும், சுருதி ஏறும். பதிவுசெய்த மெஷினிலேயே போட்டுக் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது, அதே சோம்பலோடுதானே அது திரும்பவும் ஓடுகிறது.

எவ்வளவு என்று அளக்கவும் வழி இருந்தது. மின் இணைப்பில் வைத்துப் பதிந்த நாடாக்களில் பாட்டுக்கு அடியில் மெலிதான ஒரு ரீங்காரம் இருக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு என்றால் அதுவும் 50இல் இருக்க வேண்டும். இந்த நாடாக்களில் 52.6இல் இருந்தது. அதாவது வேகம் 5.2% கூடுதல். ஒரு அரைச்சுரம், அதாவது அரைக் கட்டை, என்பது ஏறக்குறைய 6%, இது அதற்குக் கொஞ்சம் குறைவு. நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 48 நொடியில் முடிந்துவிடும். பாட்டுகளின் சுருதியை வெளியான இசைத்தட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அதே கணக்கு வந்தது.

ஆறாவது கேசட் மட்டும் தனி ரகம். அது பேட்டரியில் பதிந்தது, ரீங்காரம் இல்லை. போகப்போக பேட்டரி இறங்கி மெஷின் தளர்ந்திருக்கிறது. அதனால் நாம் கேட்கும்போது சுருதி ஏறிக்கொண்டே போய், கடைசியில் அவர் பேசும் இடத்தில் குரல் கீச்சென்று ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் இருந்தது. பதினொன்றாம் கேசட்டில் ஒரு பாட்டின் சரணத்தில், மூன்றாம் வரியின் நடுவே, ஏதோ ஒரு மெஷின் என்றோ நாடாவை மென்றிருக்கிறது. ஒரு நொடி அளவுக்குக் குரல் அமுங்கிப் போய்த் திரும்பி வரும்.

முதல் முடிவும் காரணமும்

எல்லாவற்றையும் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். 52.6ஐ 50க்கு இறக்கினேன். ஆறாவது கேசட்டில் துண்டு துண்டாக வேகத்தைக் கணக்கிட்டு அவர் பேச்சை மனிதக் குரலுக்குக் கொண்டுவந்தேன், அதற்கே ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. இரைச்சலைக் குறைத்தேன். மென்ற இடத்தில், அதே பாட்டின் வெளியான பதிவிலிருந்து ஒரு நொடியை எடுத்து ஒட்டினேன். சுருதி இப்போது பொருந்தியதால் ஒட்டு தெரியவே இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று என் மனதில் இருந்த காரணம் இதுதான்: தவறு மெஷினுடையது, பாட்டு அப்படிப் பாடப்பட்டதில்லை, அவர் அப்படிப் பேசியதுமில்லை. அவர் எதை அனுப்ப நினைத்தாரோ அதைத்தான் நான் மீட்டுக் கொடுக்கிறேன். இப்போதும் இது முட்டாள்தனமான காரணம் இல்லை. ஆனால் கேட்டவர் பக்கத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மாற்றம் செய்யாத மூலப்பதிவைத் தனியாக வைத்திருந்தேன். வழக்கத்தால் செய்தது. பின்னால் அதுதான் காப்பாற்றியது.

அம்மா கேட்ட நாள்

ஸ்பீக்கரை இணைத்துக் கொடுக்கச் சொல்லி மகள் கூப்பிட்டதால் நானும் அன்று வீட்டில் இருந்தேன். முதல் கேசட்டின் முதல் பாட்டு ஓடியது. அம்மா முன்னிசை முழுவதையும் அசையாமல் கேட்டார், பல்லவி வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி இப்படி இழுக்குது? மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"இல்லம்மா, இதுதான் பாட்டோட சரியான வேகம். முன்னாடி கேட்டதுலதான் தப்பு இருந்துச்சு" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு. முகத்தில் ஒரு மரியாதை மட்டும் இருந்தது, விருந்தாளி முன்னால் உட்கார்ந்திருப்பது போல. கடைசியில் அப்பாவின் பேச்சு வந்தது. அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இது அவர் குரல்தான். வீட்டுல பேசுன அதே குரல்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த ரெண்டு வருஷம் எனக்கு வந்த குரல் இது இல்ல" என்றார்.

அதன் பிறகுதான் மகளுக்கே தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னார். கேசட்டுகள் வரத் தொடங்கி 14 மாதம் கழித்து அவர் ஒருமுறை ஊருக்கு வந்திருக்கிறார். வாசலில் நின்று பேசியதும் அம்மா முதலில் கேட்டது, "தொண்டை சரியில்லையா?" கேசட்டில் வந்த குரல் மெல்லியது, படபடவென்று பேசும், நேரில் நின்றவர் அடித்தொண்டையில் நிதானமாகப் பேசினார். சளி பிடித்திருக்கிறது என்றே அம்மா நினைத்துக்கொண்டார். கல்யாணமாகி ஒரே வீட்டுக்கு வந்த பிறகு, ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேருடைய டேப் ரெக்கார்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவருடைய மெஷினில் பாட்டு சரியாக இருந்தது, அம்மாவுடையதில் ஏறியிருந்தது. ரேடியோவோடு ஒப்பிட்டு, கோளாறு தன் மெஷினில்தான் என்று கண்டுபிடித்தவரும் அவரே. எல்லாவற்றையும் திரும்பப் பதிந்து தருகிறேன் என்றாராம். வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார், இரண்டு வருடம் இப்படிக் கேட்டுத்தான் உங்களைத் தெரிந்துகொண்டேன், இப்படியே இருக்கட்டும். "சரி, அப்போ இனிமே உன் மெஷின்லயே கேப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் மெஷினை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் மெஷின்கள் மாறின. எல்லாம் சரியான வேகத்தில் ஓடியவை என்பதால், பாட்டு அதே ஏறிய சுருதியிலேயே முப்பது வருடத்துக்கு மேல் ஒலித்தது.

அதாவது நான் திருத்திய பிழையை அவர்கள் இருவரும் 1988இலேயே கண்டுபிடித்து, பேசி, வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்திருந்தார்கள்.

ஆறாவது கேசட்டைப் போடச் சொன்னார். பேச்சு வந்ததும் ஏமாந்துபோனார். "கடைசில குருவி மாதிரி கத்துவாரே, அது எங்க?" அந்தக் கேசட் வந்த நாளில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்ததாகவும், அவர் வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். நான் ஒரு நாள் செலவழித்துத் துடைத்தெடுத்தது அந்தச் சிரிப்பைத்தான்.

மகளின் பக்கம்

இதெல்லாம் நடக்கும்போது மகளும் முகம் சுளித்தபடிதான் கேட்டுக்கொண்டிருந்தார், காரணம் சொல்லத் தெரியவில்லை அவ்வளவுதான். பிறகு ஒன்றொன்றாக வந்தது. பள்ளி நாட்களில் தோழி வீட்டில் இந்தப் பாட்டுகளில் ஒன்றைக் கேட்டபோது பாடுபவர் தூங்கி வழிவதாகத் தோன்றியதாம். ஒன்பது வயதில் பாட்டு கற்கப் போனபோது, இந்தப் பாட்டுகளை மட்டும் எப்போதும் அரைக் கட்டை மேலேயே எடுக்கிறாள் என்று ஆசிரியை சொல்வாராம்.

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1994இல் உளவியல் ஆய்வாளர் டேனியல் லெவிட்டின் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 46 பேரிடம் அவர்களுக்கு நன்றாகப் பழகிய பாட்டைப் பாடச் சொன்னார். துணைக்குச் சுருதி எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது பதிவில் உள்ள அதே சுருதியில் பாடியவர்கள் 40%. பழகிய பாட்டு அதன் சுருதியோடு சேர்த்தே மனதில் தங்குகிறது. இந்த வீட்டில் தங்கியது அம்மாவின் மெஷின் சுருதி. வயிற்றில் இருக்கும்போதே கேட்டிருப்பாள் என்பது அம்மாவின் நம்பிக்கை. ஆறாம் மாதத்திலிருந்து கரு வெளி ஒலிக்கு அசைவது உண்மைதான், ஆனால் பிறந்த பிறகு பத்து வருடம் தினமும் சாயங்காலம் கேட்டதற்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

அந்தப் பாட்டுகள் அவள் தலைமுறையுடையவை இல்லை. ஆனாலும் அவளுடையவை. கரோல் க்ரம்ஹான்சலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013இல் வெளியிட்ட ஓர் உளவியல் ஆய்வில், இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை பிரபலமாக இருந்த பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகள் நெருக்கமாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் 1980களின் தொடக்கத்துப் பாட்டுகளிலும், அதாவது அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளிலும், நினைவும் ஒட்டுதலும் தனியே ஒரு மேடு போல எழுந்து நின்றன. அந்த மேட்டை நான் நேரில் பார்த்தது இந்த வீட்டில்தான்.

பதினொன்றாம் கேசட்டின் அந்தப் பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னேன். சரணத்தின் மூன்றாம் வரியில், நாடா மென்ற அதே இடத்தில், ஒரு சொல்லை விழுங்கிவிட்டு அடுத்ததில் தொடர்ந்தார். அந்தச் சொல் என்னவென்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, 32 வருடமாக அங்கே சொல்லே இல்லை.

இரண்டாம் முடிவு

மூவரும் உட்கார்ந்து பேசினோம். என்ன வேண்டும் என்று நான் கேட்டது அன்றுதான் முதல்முறை. அம்மாவுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. பாட்டும் பேச்சும் கேசட்டில் எப்படி வந்ததோ அப்படியே வேண்டும், இரைச்சலோடு, ரெக்கார்ட் பட்டன் அழுந்தும் 'டக்' சத்தத்தோடு, குருவியோடு. மகள் இன்னொன்றும் கேட்டார், அப்பா பேசிய பகுதிகள் மட்டும் சரியான வேகத்தில் தனியாக வேண்டும் என்று. அம்மா யோசித்துவிட்டு, "அதுவும் இருக்கட்டும், அது கல்யாணத்துக்கு அப்புறம் உள்ள அவர்" என்றார். ஒரே திருத்தம் பாட்டுக்குத் தவறாகவும் குரலுக்குச் சரியாகவும் இருக்க முடியும் என்பது எனக்குத் தோன்றியிராத ஒன்று.

மூலப்பதிவு அப்படியே ஒரு தொகுப்பு. அதிலிருந்து ஒலியளவை மட்டும் சமன்செய்து, வேறெதையும் தொடாமல், தினமும் கேட்பதற்கு ஒரு தொகுப்பு. 18 கேசட்டுகளிலிருந்தும் எடுத்த அப்பாவின் பேச்சு, திருத்திய வேகத்தில், மொத்தம் 41 நிமிடம், அது மூன்றாவது. ஒட்டுப்போட்ட சரணத்தை அழித்தேன். மூலப்பதிவு கையில் இருந்ததால் வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. இல்லாவிட்டால் பூச்சு உதிரும் அந்த மூன்று நாடாக்களை மறுபடி ஓட்டியிருக்க வேண்டும், அந்தத் தைரியம் எனக்கு வந்திருக்காது.

பின்னர்

இரண்டு மாதம் கழித்துப் பேசியபோது அம்மா தினமும் சாயங்காலம் ஒரு பக்கம் கேட்பதாகச் சொன்னார், ஒரு பக்கம்தான், அரைமணி நேரம், கேசட் காலத்தில் போலவே. சில நாள் கூடவே பாடுகிறாராம். மகள் அந்த 41 நிமிடத்தை ஒரே மூச்சில் கேட்க முடியாமல் பல நாட்களாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். "அப்பாவுக்கு அதுல 24 வயசு அண்ணா. என்னைவிடச் சின்னப் பையன் யாரோ பேசுற மாதிரி இருக்கு. ஆனா அவர்தான்" என்றார்.

அம்மா அனுப்பிய நான்கு கேசட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் இரண்டை யாரும் கேட்க வேண்டாம், கணினியில் உள்ளதையும் அழித்துவிடுங்கள் தம்பி என்று அம்மா கேட்டுக்கொண்டார். அவர் கண்முன்னாலேயே அழித்தேன், நாடாக்களை அவர் கையில் கொடுத்தேன். பதிவெடுக்கும்போது நான் கேட்டிருந்தேன் என்பது இருவருக்கும் தெரியும். மகளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

அம்மாவுக்குத் தெரியாமல் அந்தப் பெட்டி என்னிடம் வந்திருக்கவே கூடாது. மகளின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவை அம்மா பெயருக்கு வந்த தபால்கள். முன்பே கேட்டிருந்தால் அந்த இரண்டு நாடாவும் என் மெஷினுக்கே வந்திருக்காது, மெஷின் வேகத்தின் கதையும் முதல் நாளே தெரிந்திருக்கும்.

வெளியான பாட்டின் தரக்குறைவான பிரதி என்று ஒரு வீட்டுக் கேசட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நல்ல பிரதி வேண்டுமென்றால் அது எங்கும் கிடைக்கும். கேசட்டில் இருப்பது வேறு எங்கும் கிடைக்காது. இப்போது மூலப்பதிவை முதலில் குடும்பத்தார் கேட்ட பிறகே எதையும் தொடுகிறேன். வேகம் தவறியிருந்தால் அளந்து எழுதிக் கொடுக்கிறேன், இறக்குவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. விடுபட்ட ஒலியை வேறு பதிவிலிருந்து எடுத்து ஒட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

வேலை எடுக்கும்போது எழுதி வாங்கும் சீட்டில் முன்பு கேசட் எண்ணிக்கை, நீளம், நிலை மட்டும்தான் இருக்கும். இப்போது அவற்றுக்கு மேலே இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இது யாருக்காகப் பதிந்தது, அவருக்கு இது தெரியுமா? இதை எந்த மெஷினில் கேட்டுப் பழகினீர்கள்?